இடது கை செய்த பாவம் என்ன?

எந்தக் கல்லூரி விடுதிக்குப் போனாலும் ஏதோ ஒரு அறையில் அது இருக்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பாதி ஜிப் திறந்த கறுப்பு உறைக்குள் ஒரு கிடார். முதலாம் ஆண்டில் அப்பாவிடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கியது. இரண்டாம் ஆண்டில் அதன் மேல் துண்டு காயும். மூன்றாம் ஆண்டில் ஜூனியர் யாருக்காவது பாதி விலைக்குக் கைமாறும். ஜூனியர் அறையிலும் அதே கதை தொடரும். (அக்கவுண்டன்சி படிக்கிறவர்கள் இதற்குத் தேய்மானம் போட்டுப் பார்க்க வேண்டாம். வாங்கிய விலையை வாசித்த மணி நேரத்தால் வகுத்தாலே போதும், நெஞ்சு அடைத்துவிடும்.)

ஏன் விட்டாய் என்று கேட்டால் பதில்கள் மூன்று. விரல் வலிக்குது. டைம் இல்லை. மூன்றாவதைக் கொஞ்சம் குரல் இறக்கிச் சொல்வார்கள்: "எனக்கெல்லாம் மியூசிக் வராதுடா."

முதல் இரண்டையும் மன்னித்துவிடலாம். வயிற்றெரிச்சல் மூன்றாவதில்தான். பாட்டு கேட்டால் சரியாகத் தாளம் போடுகிறவன், சுருதி விலகினால் முகம் சுளிக்கிறவன், ஒரு மரப்பெட்டியிடம் தோற்றுப்போய்த் தனக்கு இசையே வராது என்று இருபது வயதில் தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். அவனுக்கு வராமல் போனது இடது கை மட்டும்தான். அந்தக் கைக்கு யாரும் எதையும் சொல்லித்தரவும் இல்லை.

வகுப்புகளில் நடப்பதைப் பாருங்கள். முதல் நாள் கிடாரின் பாகங்கள். இரண்டாம் நாள் சி, ஜி, டி என்று கார்டுகள் அச்சிட்ட ஒரு ஜெராக்ஸ் தாள். ஆறு கோடு, நாலைந்து குறுக்குக்கோடு, அதில் மூன்று கரும்புள்ளி. மூன்றாம் வாரம் பாட்டு. பையனும் அதற்குத்தானே வந்தான்? 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்த 'இளைய நிலா'வின் கிடாரில் கிறங்கிப்போய்ச் சேர்ந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். யூடியூபில் இன்னும் வேகம், ஒரே வாரத்தில் பத்துப் பாட்டு என்பார்கள். எல்லாவற்றிலும் மூலதனம் அந்தக் கரும்புள்ளிதான். விரல் எங்கே போய் உட்கார வேண்டும் என்று அது சொல்லும். எவ்வளவு அழுத்த வேண்டும், கட்டைவிரல் எங்கே நிற்க வேண்டும், அங்கிருந்து அடுத்த புள்ளிக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லாது. கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமே அந்த மூன்றும்தான்.

அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். புதிதாகக் கிடார் பிடிக்கிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் கம்பியை எலுமிச்சம்பழம் போலப் பிழிகிறார்கள். கம்பி மரத்தில் போய் முட்ட வேண்டும் என்று நினைப்பு. அப்படித் தேவையே இல்லை. கம்பி ஃபிரெட்டைத் தொட்டால் போதும் (ஃபிரெட் என்றால் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை, வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்). இதற்கு ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது, ஒரு நிமிடம் கூட ஆகாது. ஏதாவது ஒரு கம்பியில் விரலைச் சும்மா வைத்துவிட்டு மற்ற கையால் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் 'டப் டப்' என்று செத்த சத்தம் வரும். மெதுவாக அழுத்தத்தைக் கூட்டினால் கொஞ்சம் இரைச்சலோடு சுரம் எட்டிப்பார்க்கும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் சுத்தமாக ஒலிக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் தேவை. செய்து பார்க்கிறவர்கள் முகத்தில் முதலில் ஆச்சரியமும் அப்புறம் லேசான கோபமும் வரும், இத்தனை நாள் இதற்கா விரல் தேய்ந்தது என்று. அதற்கு மேல் அழுத்தினால் வலிதான் மிச்சம். போதாக்குறைக்குக் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும்.

அந்தக் குறைந்த அழுத்தமும் எங்கே அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஃபிரெட்டுக்கு நட்டநடுவில் அழுத்தினால் பலம் அதிகம் வேண்டும். ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரல்நுனி விழுந்தால் பாதி வேலை குறைந்துவிடும். விரல் படுக்காமல் நுனியில் நின்றால்தான் பக்கத்துக் கம்பி செத்துப்போகாது. அதற்கு நகம் வெட்டியிருக்க வேண்டும். சொல்ல அற்பமாக இருக்கும், ஆனால் நகத்தோடு போராடிவிட்டுக் கிடாரைத் திட்டுகிறவர்கள் நிறைய. கட்டைவிரல், கழுத்துக்குப் பின்னால் ஏறக்குறைய நடுவிரலுக்கு எதிராக ஓய்வாக இருந்தால் போதும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலை மேலே கொண்டுவந்து தடித்த கம்பியையே பிடித்து வாசிப்பார். அவர் கை பெரிய கை. முதல் மாதத்தில் அவரைப் பார்த்துக் காப்பியடித்தால் மணிக்கட்டுதான் போகும்.

வலியிலும் இரண்டு ஜாதி உண்டு. விரல்நுனி எரிவது இயல்பு. இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்துத் தானாக அடங்கிவிடும். மணிக்கட்டும் முன்கையும் கட்டைவிரலின் அடிச்சதையும் வலித்தால் விஷயம் வேறு, பிடிக்கும் விதமே தப்பு என்று அர்த்தம். அப்போது கிடாரைக் கீழே வைத்துவிட வேண்டும். "வலித்தால்தான் வித்தை வரும்" என்று இரண்டு வலிக்கும் ஒரே மருந்து கொடுக்கும் வாத்தியார்களை என்ன செய்வது?

அடுத்த அநியாயம் ஒன்றாம் ஃபிரெட். புத்தகமும் வகுப்பும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. ஒன்று என்ற எண்ணிலிருந்து தொடங்குவது இயல்பு என்று தோன்றும். கையைக் கேட்டால் வேறு சொல்லும். ஃபிரெட்டுகளின் இடைவெளி ஒரே அளவு கிடையாது. ஒவ்வொரு ஃபிரெட்டும், மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை ஏறக்குறைய 17.8-இல் ஒரு பங்கு குறைக்கிறது. வங்கியில் கூட்டுவட்டி ஏறுகிற கணக்கே இங்கே இறங்குமுகமாக வருகிறது. காமர்ஸ் ஆட்கள் குறைந்துசெல் மதிப்பு முறை என்றும் சொல்லிக்கொள்ளலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் நீளம் சரியாகப் பாதி. 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிடாரில் முதல் ஃபிரெட்டின் அகலம் சுமார் 36 மி.மீ. ஐந்தாவது சுமார் 29. ஏழாவது 26-க்கும் கீழே. நான்கு விரலையும் நான்கு ஃபிரெட்டில் விரித்து வைக்க வேண்டிய புதுக்கைக்கு இந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை. ஒன்றாம் ஃபிரெட்டுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கம்பி 'நட்' என்ற சின்னப் பட்டையின் பள்ளத்திலிருந்து கிளம்புகிறது. விலை குறைந்த கிடார்களில் அந்தப் பள்ளத்தை ஆழம் போதாமல் விட்டிருப்பார்கள். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக நிற்கும். ஆகப் புதிதாக வருகிறவனை, விரல் அதிகமாக விரிய வேண்டிய இடத்தில், கம்பி அதிகமாக முரண்டு பிடிக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நீச்சல் கற்க வந்தவனைக் கிணற்றில் தள்ளுவது போல.

ஐந்தாவது ஃபிரெட்டில் ஆரம்பித்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஆள்காட்டி விரல் ஐந்தில், நடுவிரல் ஆறில், மோதிரவிரல் ஏழில், சுண்டுவிரல் எட்டில். (கிடாரில் ஆள்காட்டிதான் ஒன்றாம் விரல். கீபோர்டு பழகியவர்கள் கட்டைவிரலை ஒன்று என்று எண்ணிக் குழம்புவார்கள்.) ஒவ்வொரு கம்பியிலும் இந்த நான்கையும் வரிசையாக, மெதுவாக, நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் வாசிக்க வேண்டும். ஒரு விரல் அழுத்தும்போது மற்றவை எங்கே இருக்கின்றன என்று கவனிப்பதுதான் இதில் முக்கியம். பெரும்பாலானவர்களுக்குச் சுண்டுவிரல் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். கம்பிக்கு இரண்டு அங்குலம் மேலே பறக்கிற விரல் திரும்பி வர நேரம் ஆகும். வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்களின் வேகம் இப்படி அந்தரத்தில்தான் வீணாகிறது. அதைக் கம்பிக்கு அருகிலேயே நிறுத்திவைக்கப் பழகுவது சலிப்பான வேலைதான். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஊரில் இந்தச் சலிப்பு புதிதா என்ன? கர்நாடக சங்கீதம் கற்கப் போகும் குழந்தை முதல் நாளே கீர்த்தனை பாடுவதில்லை. மாயாமாளவகௌளையில் சரளிவரிசை, பிறகு ஜண்டைவரிசை, அதையே மூன்று காலத்தில். பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட யாரும் அதைக் குறை சொல்வதில்லை. அதே வீட்டுப் பிள்ளை கிடார் வகுப்புக்குப் போனால் மட்டும் மூன்றாவது வாரம் "என்ன பாட்டு வாசிப்பே?" என்று கேட்கிறார்கள்.

வீணையைச் சொன்னால் இன்னொரு கணக்கையும் தீர்த்துவிடலாம். கிடாரில் இடது கை தனியாகச் செய்யும் வேலைகள் சில உண்டு. ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விரலை அதே கம்பியில் சுத்தியல் போல இறக்கி அடுத்த சுரத்தைக் கொண்டுவருவது ஹேமர் ஆன். அதற்கு எதிர்வேலை புல் ஆஃப். விரலைச் சும்மா தூக்கினால் அது வராது, தரையைப் பார்த்துக் கம்பியைச் சுண்டிவிட்டு விலக வேண்டும். அழுத்தம் விடாமல் ஒரு ஃபிரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போனால் ஸ்லைடு. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தினால் பெண்டிங். நின்ற சுரத்தை அசைத்தால் வைப்ராட்டோ. வகுப்புகளில் இதெல்லாம் 'லீட்' என்ற தலைப்பில், அட்வான்ஸ்டு கோர்ஸ் கணக்கில், தனிக் கட்டணத்தோடு வரும். அது வருவதற்குள் ஆள் ஓடிவிடுவான்.

வீணையில் இப்படிப் பிரிப்பார்களா? மெழுகில் பதித்த 24 மெட்டு, அதன் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் கமகம். இழுப்பது இடது கை. கமகத்தை "அட்வான்ஸ்டு" என்று ஒதுக்கிவைத்தால் அங்கே ராகமே இல்லை. ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயக் கிடார் கலைஞர் இதைப் புரிந்துகொண்டவர். எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 1970களின் நடுவில் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, தனக்கென ஒரு கிடார் செய்வித்துக்கொண்டார். அதில் ஃபிரெட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மரத்தைக் கிண்ணம் போலக் குடைந்திருந்தது. அழுத்தினால் விரலுக்குக் கீழே மரமே தட்டுப்படாது, கம்பி மட்டும்தான். கம்பியை நன்றாகப் பிடித்து இழுக்கலாம். ஆனால் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி காட்டிக்கொடுத்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிகிறவர்களை ஒரு வாரம் அந்தக் கிடாரில் உட்காரவைக்க வேண்டும்!

ஹேமர் ஆனை முதல் மாதமே சொல்லித்தரலாம் என்பதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. அதற்குப் பலத்தை விட வேகம்தான் தேவை. ஃபிரெட்டுக்கு மிக அருகில் விழாவிட்டால் சத்தம் வராது. ஆகச் சரியான இடத்தில், தேவையான அளவு மட்டும் விழ வேண்டும் என்ற பாடத்தை அதுவே விரலுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். தப்பு செய்தால் கிடாரே திருத்தும், வாத்தியார் பக்கத்தில் இல்லாத நேரத்திலும். பெண்டிங்கும் அப்படித்தான், அது காதுக்குப் பாடம். மூன்றாவது கம்பியில் ஏழாவது ஃபிரெட்டைத் தள்ளி, ஒன்பதாவது ஃபிரெட்டின் சுரம் வரை ஏற்ற வேண்டும். முதலில் ஒன்பதை வாசித்துக் கேட்டுவிட்டுத்தான் ஏழைத் தள்ள வேண்டும். தள்ளுவது மோதிரவிரல் என்றாலும் பின்னால் இருக்கும் இரண்டு விரலும் கைகொடுக்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும். (அகூஸ்டிக் கிடாரில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுற்றுக்கம்பி, லேசில் மசியாது. அங்கே இரண்டாவது கம்பியில் செய்யலாம்.) பி.பி.கிங் தன் உறவினர் பக்கா வைட் போல ஸ்லைடு வாசிக்க வராமல்தான் அந்த ஒலியைத் தேடி விரலை அதிரவைக்க ஆரம்பித்தார். ஒரே சுரத்தில் ஆளை அடையாளம் காட்டும் அவருடைய வைப்ராட்டோ அப்படி வந்தது.

இப்போது எஃப் கார்டு. கிடாரை விட்டவர்களில் பாதிப் பேரின் கல்லறையில் அந்த ஒற்றை எழுத்துதான் பொறித்திருக்கும். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் பிடிப்பதற்குப் பெயர் பார் கார்டு (மாலை ஆறு மணிக்குத் திறக்கும் பார் இல்லை). ஜெராக்ஸ் தாளில் அதை ஒரு வளைந்த கோடாகப் போட்டிருப்பார்கள். பார்த்ததும் பையன் ஆறு கம்பியையும் ஒரே பலத்தில் நசுக்கப் பார்ப்பான். கொஞ்சம் யோசித்தால் தெரியும், ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளை மற்ற மூன்று விரல்களும் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரல் ஒலிக்கவைக்க வேண்டியது ஆறாவதும், முதல் இரண்டும் மட்டுமே. அந்த விரலையும் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமாக லேசாக உருட்டி, எலும்பான ஓரத்தால் பிடித்தால் கம்பி சதைக்குள் புதையாது. கட்டைவிரலை மட்டும் நம்பிப் பிழியாமல் முழங்கையின் எடையால் லேசாகப் பின்னால் இழுத்தால் இன்னும் சுலபம். எல்லாவற்றுக்கும் மேல், இதையும் ஐந்தாவது ஃபிரெட்டில் ஆரம்பிக்கலாம். அங்கே அதே வடிவத்துக்கு ஏ கார்டு என்று பெயர். கம்பி அங்கே இணங்கும். வாரத்துக்கு ஒரு ஃபிரெட் கீழே இறங்கினால் ஐந்தாவது வாரம் எஃப் வந்திருக்கும்.

"விரல் குட்டை", "விரல் தடிமன்" என்பவர்களுக்கு இரண்டு பேர். ஜாங்கோ ரெயின்ஹார்டுக்கு 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கின. மிச்சமிருந்த இரண்டு விரலால்தான் ஜாஸ் உலகமே அண்ணாந்து பார்த்த அந்தத் தனி வாசிப்பு. பர்மிங்ஹாமில் டோனி அயோமி இடதுகைக்காரர், ஃபிரெட் பிடிப்பது வலது கையால். 1965-இல் 17 வயதில் தகட்டுப் பட்டறை இயந்திரத்தில் அந்தக் கையின் இரண்டு விரல்நுனிகள் போயின. பட்டறை மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தார். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1970-இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்துவிட்டது. இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எடுத்துக்கொள்வதற்குள் அந்த மெல்லிய கம்பி விஷயத்தைக் கவனியுங்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தவில்லை. அழுத்தம் குறைவாகத் தேவைப்படும்படி கருவியை மாற்றினார். அகூஸ்டிக் கிடாரில் 12 கேஜ் கம்பி குத்தினால் 11 அல்லது 10 போடலாம். நட் பள்ளத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து அளவாக அராவச் சொல்லலாம். அதுவரை முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போ மாட்டிக்கொள்ளலாம். இதில் எதுவும் கௌரவக் குறைச்சல் இல்லை.

வாத்தியார்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வெறும் பயிற்சியாகக் கொடுத்தால் அடுத்த மாதம் கட்டணம் கட்ட ஆள் வராது, பாட்டுதான் தூண்டில் என்பார்கள். வாஸ்தவம். பாட்டே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கார்டுக்குப் பிறகு எந்தக் கார்டு என்று கை வசதியைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் என்ன? இ மேஜரின் மூன்று விரலையும் அப்படியே ஒரு கம்பி தள்ளி வைத்தால் ஏ மைனர். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக ஆள்காட்டியும் நடுவிரலும் அசையவே வேண்டாம், மோதிரவிரல் மட்டும் இடம் மாறினால் போதும். இந்த மூன்றை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம். பையன் கையைக் கழுத்திலிருந்து முழுசாகப் பிய்த்தெடுத்து, மூன்று விரலையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து நட்டுக்கொண்டிருப்பதை வாத்தியார் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். "அந்த ரெண்டு விரலை எடுக்காதேப்பா" என்று ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த வாக்கியத்தைக் கேட்காதவர்களின் கிடார்கள்தான் செமஸ்டர் முடிந்ததும் விடுதி நோட்டீஸ் போர்டில் 'நல்ல கண்டிஷன், அதிகம் வாசிக்காதது' என்று விற்பனைக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் கம்பி ஃபிரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள் :-)